ஹாலே சபை எனக்குக் கொடுத்த வேலைகள்

பொறையாற்றில் வளர்ந்து, தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்தின் பெயர் புதிதல்ல. ஜூலை 9 நெருங்கினால் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதை தொடங்கிவிடும். 1706-ஆம் ஆண்டு அதே நாளில் புரொட்டஸ்டன்ட் மிஷனரிகளான சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனாலும் பணம், புத்தகம், ஆள், ஜெபம் என்று தொடர்ந்து தாங்கியது ஹாலேயில் ஃபிராங்கே என்ற போதகர் நடத்திய அநாதை இல்லம்தான். தமிழ் அச்செழுத்துகளை வார்த்துக் கப்பலேற்றியதும் அந்த ஊரே. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அச்சகத்துக்குக் காகிதம் செய்த பட்டறை எங்கள் பொறையாற்றில் இருந்தது என்பதில் என் அப்பாவுக்குக் கடைசிவரை பெருமை.

என் கணவருக்கு ஹாலே பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "பயப்படாதே, நம்முடைய சபை பிறந்த ஊருக்குத்தான் போகிறாய்." ஊர் நிறைய ஆலயமும் ஆலயம் நிறைய ஜனமும் இருக்கும் என்றே அம்மா நினைத்திருந்தார். ஆலயங்கள் இருக்கின்றன. சந்தை வெளியில் நான்கு கோபுரங்களோடு நிற்கும் பெரிய ஆலயத்தில்தான் 1685-இல் இசையமைப்பாளர் ஹேண்டலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஜனம்தான் குறைவு. ஜெர்மனியிலேயே கிறிஸ்தவர்கள் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் சாக்சனி-அன்ஹால்ட் ஒன்று. எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஞாயிறு காலையில் நாங்கள் எங்கே போகிறோம் என்பது அவர்களுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிபுகுந்ததும் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. புரொட்டஸ்டன்ட் என்றோ கத்தோலிக்கர் என்றோ எழுதினால், வருமான வரித் தொகையில் 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். தெற்கே பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் இது 8 சதவீதம். கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள் என்று நம் ஊர் நண்பர்கள் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். நாங்கள் எழுதினோம். பொறையாற்றில் மாதச் சந்தா கட்டாமல் சபையார் என்று சொல்லிக்கொண்ட வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எழுதிய பிறகு நாம் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை வீட்டு முகவரியே முடிவுசெய்கிறது. குடியுரிமை தேவையில்லை, ஞானஸ்நானமும் அந்தப் பதிவும் போதும். சில வாரங்களில் எங்கள் பெயருக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது.

முதல் ஞாயிறு போனபோது ஆலயத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். பொறையாற்றில் பாட்டு தொடங்கினால் குரல்கள் கூரையை முட்டும். இங்கே ஆர்கன் மட்டும் பெரிதாக ஒலிக்க, மனிதக் குரல்கள் அதன் அடியில் மெதுவாகப் போயின. ஆனால் ராகம் எனக்குத் தெரிந்த ராகம். 18-ஆம் நூற்றாண்டில் மிஷனரி பெப்ரீசியஸ் ஐயர் போன்றவர்கள் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கியிருந்ததால், அன்றைக்குப் பாடிய மூன்று பாட்டுகளில் இரண்டை நான் தமிழில் பாடினேன். முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதமே ஆலயப் பராமரிப்பைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வந்து, ஒரு கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். அத்தனை பெரிய கற்கட்டடத்தைக் குளிர்காலத்தில் சூடாக்கச் செலவு தாங்காது. அதனால் ஜனவரி முதல் குருத்தோலை ஞாயிறு வரை ஆராதனை பக்கத்திலுள்ள சபை மண்டபத்தில் நடக்கும். நாற்காலிகளைப் போட வேண்டும், பாட்டுப் புத்தகங்களைச் சுமக்க வேண்டும், சிறிய பீடத்தை நகர்த்த வேண்டும். நானும் என் கணவரும் போனோம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்களை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. "அடுத்த வாரம் காபி உங்கள் முறை" என்று பட்டியலில் பெயரை எழுதிவிட்டார்கள்.

என் விசுவாசம் வளரத் தொடங்கியது இப்படித்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொறையாற்றில் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் நாங்களும் ஒன்று. ஒரு ஞாயிறு நான் போகாவிட்டால் அம்மா மட்டுமே கேட்பார்; ஆராதனை என்னை எதிர்பார்த்து நிற்காது. மணி அடித்தது, போனோம். பண்டிகை வந்தது, புதுத்துணி உடுத்தினோம். அது நல்ல வாழ்வு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விசுவாசம் என் பெற்றோரின் கையில் இருந்தது. ஹாலேயில் என் கை இல்லாவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்ற நிலை வந்தபோதுதான், நான் ஏன் இதைச் செய்கிறேன், யாருக்காகச் செய்கிறேன் என்று கர்த்தரிடமே கேட்கத் தொடங்கினேன். காலையில் வேலைக்குப் போகும் டிராமில் அன்றைய வேதவசனத்தை வாசித்து ஜெபிக்கும் பழக்கம் அந்த நாட்களில் வந்ததுதான்.

முன்வரிசை மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக வேலை செய்கிறேன்; அவரும் செவிலியராக இருந்தவர் என்பதால் பேச்சு எளிதாக ஒட்டிக்கொண்டது. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு 1950-களில், 14 வயதுப் பிள்ளைகளுக்குத் திருச்சபையின் திடப்படுத்தல் ஆராதனைக்கு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் ஆராதனை) பதிலாக அரசு உறுதிமொழி விழா ஒன்றைக் கொண்டுவந்தது. அதை மறுத்துத் திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள் பலருக்கு மேல்நிலைப் பள்ளியின் கதவு அடைபட்டது. இவர் மறுத்தவர்களில் ஒருவர். மருத்துவராக ஆசைப்பட்டவர், திருச்சபை நடத்திய மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே நோயாளிகளைக் கவனித்தார். "வருத்தமா?" என்று ஒருமுறை கேட்டேன். "சில நாட்களில் வருத்தம்தான்" என்றார். "ஆனாலும் மறுபடி கேட்டால் மறுபடியும் அதையே செய்வேன்." அவர் உரக்க ஜெபித்து நான் கேட்டதே இல்லை. மேடையில் நின்று சாட்சி சொன்னதில்லை. இப்படிப்பட்டவர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆலயத்தைக் காலியான ஆலயம் என்று சொல்ல எனக்கு நா வராது.

பிறகு போதகர் அம்மா என்னைச் சந்திப்புக் குழுவில் சேர்த்தார். எழுபத்தைந்து, எண்பது என்று பிறந்தநாள் கொண்டாடும் சபை மக்களின் வீட்டுக்கு வாழ்த்து அட்டையோடு போய் அரைமணி நேரம் இருந்து வருவது அந்தக் குழுவின் வேலை. என் ஜெர்மன் அப்போது தடுமாறும். ஆனால் தனியாக வாழ்கிறவர்களுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. அவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன். கேட்டுக் கேட்டே என் ஜெர்மன் தேறியது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கவும் வகுப்புக்கு அனுப்பினார்கள். வாசிக்க வேண்டிய பகுதியை வியாழக்கிழமையே எடுத்து, முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில் என்று மாறிமாறிப் படிப்பேன். சிறுவயதிலிருந்து மனப்பாடமாக இருந்த வசனங்களை அப்படி நிறுத்தி நிதானித்துப் படித்தது அதுவே முதல்முறை.

அப்பா இறந்த ஆண்டு நான் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. விமானம் கிடைத்து, சென்னையில் இறங்கி, பொறையாற்றை அடையும்போது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தும் மனம் ஆறவில்லை. இங்கே கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறு மரித்தோரை நினைவுகூரும் ஞாயிறு. 1816-இல் பிரஷ்ய அரசர் ஏற்படுத்திய வழக்கம். அந்த ஆண்டு சபையில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் கேட்காமலே போதகர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் அப்பாவின் பெயரையும் வாசிக்கலாமா? எப்படி உச்சரிக்க வேண்டும், சொல்லித் தாருங்கள்." இரண்டு மாலைகள் என்னிடம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஞாயிறன்று 'பொறையாறு' என்ற ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தெளிவாக வாசித்தார். அம்மா அதை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நான் அடக்கம்செய்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சபையின் அங்கமாக இருப்பது எத்தனை பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

சென்ற தேர்தலில் என்னைச் சபைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு ஆண்டுப் பொறுப்பு. கூட்டங்களில் பெரும்பகுதி கூரை, வெப்பமூட்டும் எண்ணெய், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றைப் பற்றியதுதான். முன்பெல்லாம் இவற்றுக்கும் ஆவிக்குரிய வாழ்வுக்கும் தொடர்பில்லை என்று சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். ஈரானிலிருந்து வந்து ஞானஸ்நானம் பெற்ற ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் உட்காரச் சூடான இடம் வேண்டுமானால், யாராவது அந்த எண்ணெய்க் கணக்கை உண்மையாகப் பார்த்தாக வேண்டும்.

கமிட்டியில் நான் முன்வைத்த முதல் யோசனை அறுப்பின் பண்டிகை ஏலம். இங்கே அக்டோபர் முதல் ஞாயிறு அந்தப் பண்டிகை வரும். பூசணி, ஆப்பிள், உருளைக்கிழங்கு, பெரிய ரொட்டி எல்லாம் பீடத்தைச் சுற்றி அழகாக அடுக்குவார்கள். பிறகு ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பொறையாற்றில் வாழைத்தார், தேங்காய், கோழி, முதல் நெல் எல்லாம் ஏலம் போகும். ஒருவர் எடுத்த தாரை மறுபடி காணிக்கையாகக் கொடுக்க, அது மூன்று முறை ஏலம் போகும். அதை விவரித்தபோது கமிட்டியில் எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் கணக்குப் பொறுப்பாளர், "உணவு அமைப்புக்குப் போவது போகட்டும். வீட்டில் செய்த பண்டங்களை மட்டும் ஏலம் விடலாமே" என்றார். நான் அதிரசமும் முறுக்கும் செய்தேன். ஈரான் குடும்பத்தின் அம்மா குங்குமப்பூச் சோறு சமைத்து வந்தார். முன்வரிசை மூதாட்டி பிளம் ஜாம் கொண்டுவந்தார். ஏலம் கூவியது நான்தான். என் அப்பா கூவுவதைப் பார்த்து வளர்ந்தவள். பிளம் ஜாம் ஒரு பாட்டிலை எடுத்தவர் திருப்பிக் கொடுத்து, "மறுபடி விடுங்கள்" என்றார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

வந்த பணத்தில் பாதியை ஆர்கன் பழுதுபார்க்கும் நிதிக்கும், மீதியைத் தரங்கம்பாடிப் பகுதிப் பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுக்கத் தீர்மானித்தோம். அதை எழுதி முடித்ததும் கணக்குப் பொறுப்பாளர், பணத்தோடு ஒரு கடிதமும் போக வேண்டும், அதைத் தமிழில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். இந்த ஆண்டு ஏலத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. புதிதாக வந்திருக்கும் நாகர்கோவில் குடும்பம் அச்சுமுறுக்குக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. அச்சு என்னிடம் இருக்கிறது.