அந்த ஒற்றைத் தோட்டா

நேற்று ராத்திரி ‘லீத்தல் வெப்பன்’ ப்ளூ-ரே தட்டைப் போட்டேன். 1987இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய படம். பதினாறு வயதில் வாடகை கேசட்டில் பார்த்தபோது சண்டைக் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

இந்தத் தடவை மனம் நின்ற இடமே வேறு. போலீஸ் அதிகாரி மர்டாஃப் குளியல் தொட்டியில் கிடக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் 50ஆவது பிறந்தநாள் கேக்கோடு திமுதிமுவென்று உள்ளே வருகிறார்கள். தாடி நரைத்துவிட்டது என்கிறாள் மகள். அப்புறம் அந்தத் தாடியை மழித்துவிடுகிறார். மர்டாஃபாக நடித்த டேனி குளோவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயதுதான், ஆனாலும் அந்த உடம்பின் அலுப்பை அப்படியே நம்பினேன்.

மர்டாஃபோடு ஜோடி சேரும் இன்னொரு போலீஸ்காரன் ரிக்ஸ், கடற்கரை டிரெய்லர் வீட்டில் தனியாக. டிவியில் கார்ட்டூன் ஓடுகிறது, கையில் இறந்துபோன மனைவியோடு எடுத்த கல்யாணப் படம். ரிக்ஸாக நடித்த மெல் கிப்சன் அழும் அந்த நேரத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். சிறு வயதில் இதை எப்படி ஓட்டித் தள்ளினேன்? எரிக் கிளாப்டனின் கிட்டாரும் டேவிட் சான்பார்னின் சாக்ஸபோனும் படம் நெடுக இழைகின்றன. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால்தான் தெரிகிறது.

கதை கொஞ்சம் குழப்பம்தான், சரி. எனக்கு அது பொருட்டே இல்லை. தற்கொலை செய்துகொள்ளத் தனக்கென்று வைத்திருந்த தோட்டாவை ரிக்ஸ் கிறிஸ்துமஸ் அன்று மர்டாஃப் வீட்டு வாசலில் மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். மர்டாஃப் வெளியே வந்து அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.