தலைக்காயத்துக்குப் பிறகு பேச்சு: அப்பாவுக்கு டி.டி.சி.எஸ். செய்த அனுபவம்

தலைக்காயத்தால் பேச்சை இழந்தவர்களுக்கு டி.டி.சி.எஸ். என்ற மின் தூண்டல் சிகிச்சை உதவுமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அப்பாவுக்கு அதைச் செய்து முடித்திருக்கிறோம். பலன் கிடைத்தது. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் இதில் இறங்கினால் பணமும் போய், மனமும் விட்டுப்போகும். அதனால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா திண்டுக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். இருசக்கர வண்டியில் வந்தபோது கார் இடித்து விழுந்தார். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் அடி, இரத்தக்கசிவு. மண்டையோட்டைத் திறக்க வேண்டிய தேவை வராமல் மருந்திலேயே சரியானது. எழுந்து நடந்தார், எல்லோரையும் அடையாளம் கண்டார், நாங்கள் சொல்வதும் புரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கொடுத்தால் இருபது வரை சொல்லிவிடுவார். வாய்ப்பாடுகூட வரும். ஆனால் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து இது என்ன என்று கேட்டால் உதடு துடிக்கும், கண் கலங்கும், சொல் வராது. இதற்கு அஃபேசியா என்று பெயர். பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் அடையாளம் காட்டிய பகுதி, இடது நெற்றிப் பொட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அப்பாவுக்கு அடிபட்டது அங்கேதான். உறவினர்களில் பாதிப்பேர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகவே பேசினார்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

முதல் சில மாதங்களில் பேச்சுப் பயிற்சியால் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஓராண்டு கடந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவர் டி.டி.சி.எஸ். பற்றிப் பேசினார். தலைக்கு வெளியிலிருந்து, ஒரே திசையில் ஓடும் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவது. "ஷாக் எல்லாம் வேண்டாம் டாக்டர், இவர் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அம்மா அழத் தொடங்கிவிட்டார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனநலப் பிரிவில் கொடுக்கும் மின்னதிர்வு சிகிச்சையில் 800 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் போகும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். இதில் ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர்தான். ஆள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மின்சாரத்திலும் பெரும்பங்கு தலைத்தோலிலேயே பரவிப் போய்விடும். மூளையை எட்டும் சிறு பங்கு, நரம்பணுக்களைத் தானாகத் தூண்டிவிடப் போதாது. அவை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவரே சொல்லைத் தேடிப் பேச முயல வேண்டும். முயற்சி இல்லாவிட்டால் மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்த ஒரு விளக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் இடையில் உறவினர் ஒருவர் சொன்னார் என்று வேறொரு ஊரில் ஒரு தனியார் மையத்துக்கும் போனோம். அங்கே நோயாளிகள் தலையில் பட்டையோடு கட்டிலில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுப் பயிற்சி யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை, மிஷினே பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். அப்பாவுக்கு வலிப்பு வந்ததுண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன். பேச முடியாத மனிதர்களின் தவிப்பை வைத்துப் பிழைப்பு நடத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் முதலில் கேட்டதே வலிப்பைப் பற்றித்தான். விபத்து நடந்த வாரத்தில் அப்பாவுக்கு ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. அதனால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையைப் புதிதாக எடுத்துப் பார்த்து, வலிப்பு மருந்தை நிறுத்தாமல் தொடரச் சொல்லி, அதன் பிறகுதான் ஒப்புதல் படிவம் தந்தார்கள். தலைக்குள் கிளிப், தகடு, வேறு உலோகம் உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, எலும்பை எடுத்த இடம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மண்டையோட்டில் திறப்பு இருந்தால் மின்சாரம் அந்த வழியே குவிந்து இறங்கும் என்பதால், தலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் நடந்தது. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு வரை டேப்பால் அளந்து, இடப்பக்கத்தில் பேனாவால் புள்ளி வைப்பார்கள். எண்ணெய்த் தலையோடு வரக்கூடாது என்பது கண்டிப்பு. தினமும் நல்லெண்ணெய் வைத்துப் பழகிய அப்பாவுக்கு அது பெரிய குறை. முடியை விலக்கி, உப்பு நீரில் நனைத்த ஸ்பாஞ்சை அந்தப் புள்ளியில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவார்கள். மின்சுற்றின் மறுமுனை வலது புருவத்துக்கு மேலே. ஸ்பாஞ்சு உலர்ந்தால் தோல் எரியும், சொட்டச் சொட்ட நனைந்தால் மின்சாரம் வழிந்து பரவும். மின்சாரத்தை அரை நிமிடத்தில் படிப்படியாக ஏற்றுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்பதை அப்பா விரலை நெற்றியில் ஓடவிட்டுக் காட்டினார். அதன் பிறகு 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் ஸ்பீச் தெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுப்பார். பட்டையைக் கழற்றியதும் நெற்றியில் சிவப்பாக ஒரு தடம் தெரியும், வீடு வருவதற்குள் மறைந்துவிடும். சில நாள் லேசான தலைவலி இருந்தது.

தொடக்கத்தில் படஅட்டைகளில் ஒட்டகமும் கப்பலும் காட்டினார்கள். அப்பா ஆர்வமில்லாமல் பார்த்தார். "ஐயாவுக்குத் தினமும் கையில் புழங்கிய பொருள் எதுவோ அதைக் கொண்டுவாருங்கள்" என்றார் தெரபிஸ்ட். கடையிலிருந்து சிறு டப்பாக்களில் கடுகு, சீரகம், வெந்தயம், சோம்பு, துவரம்பருப்பு என்று கொண்டுபோனேன். முதலில் முகரச் சொல்வார், பிறகு முதல் எழுத்தை உதட்டசைவில் காட்டுவார், கடைசியில் ஒன்றும் காட்டாமல் காத்திருப்பார். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் வெந்தயத்தைக் கையில் தேய்த்துக்கொண்டே அப்பா "வெ... வெந்தயம். கால் கிலோ" என்றார். கால் கிலோவை யாரும் கேட்கவில்லை. அதுவாக வந்தது.

இது மின்சாரத்தால் வந்ததா, பயிற்சியால் வந்ததா? மருத்துவர் மழுப்பாமல் சொன்னார்: ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஆய்வுகளில் சிலருக்கு அரை நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுத்து அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டு, முழுதாக மின்சாரம் பெற்றவர்களோடு ஒப்பிடுகிறார்கள். பக்கவாதத்தால் பேச்சு பாதித்த 74 பேரை வைத்து அமெரிக்காவில் ஜூலியஸ் ஃபிரிட்ரிக்சன் குழு செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. பொருள்களின் பெயர் சொல்வதில் மின்சாரம் சேர்ந்த குழு கூடுதலாக முன்னேறியது, மேலும் ஆராயத் தகுந்தது என்பது அதன் முடிவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வோ பெயர்ச்சொற்களில் ஓரளவு பலன் தெரிகிறது, அன்றாட உரையாடல் மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. இரண்டுமே பக்கவாதத்தைப் பற்றியவை என்பதையும் கவனிக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட மூளையில் சேதம் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

மூளைக்குள்ளேயே மின்முனை வைக்கும் செய்தியைப் படித்துவிட்டு அதை ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு. 2023-இல் வெளியான அந்த ஆய்வில், தலைக்காயம் அடைந்த சிலருக்கு அறுவை சிகிச்சை மூலம் மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் பகுதியில் மின்முனை பொருத்தினார்கள். அவர்களுக்கு மேம்பட்டது கவனமும் யோசிக்கும் வேகமும். பேச்சுக்கான சிகிச்சை அல்ல அது.

இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டிலேயே செய்யலாமா என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். வலிப்பு வந்த மூளைக்கு யாரும் பார்க்காமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது என்றார். செலவு முழுவதும் எங்கள் கைப்பணம்தான். எங்கள் காப்பீட்டில் புறநோயாளி சிகிச்சைக்கு இடமில்லை.

இப்போது அப்பா காலையில் கடையில் உட்காருகிறார். பொருள் பெயர்கள் பெரும்பாலும் வருகின்றன, விலையும் வருகிறது. வாக்கியம்தான் இன்னும் முழுதாக வருவதில்லை, "நாளை... சரக்கு... லாரி" என்று நிறுத்திக் கையைக் காட்டுவார். வீட்டில் தினமும் பயிற்சி தொடர்கிறது. தம்பி மகள் டப்பாக்களை மாற்றி மாற்றி வைக்கிறாள். இரண்டாவது சுற்று வேண்டுமா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் தொலைபேசியில் பேசப் பழக்க வேண்டும் என்கிறார் தெரபிஸ்ட். கையைக் காட்டிச் சமாளிக்க அங்கே வழியில்லை என்பதால், மொத்த வியாபாரியை அழைத்து அப்பாவே சரக்குச் சொல்வதுதான் இந்த மாதத்துப் பாடம்.