முரசுமோட்டையில் ஒரு ஒட்டுப்போர்வைச் சீட்டு

கனடாவிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறப்போகிறேன் என்றதும் எல்லோரும் என்னிடம் கேட்டது மூன்று விசயம்: வெக்கை, பாம்பு, கரண்ட். மூன்றும் பழகிவிட்டன. பழக மாட்டேன் என்று அடம்பிடித்தது பின்னேரம்தான். ரொரன்ரோவின் ஸ்காபரோவில் பின்னேரம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. வேலை, பஸ், சமையல் என்று அது தானாகக் கரைந்து போய்விடும். இங்கே நாலு மணிக்கு மாடு வீடு திரும்பினால் பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. யார் வீட்டுக்கு என்ன சாட்டில் போவது என்றும் தெரியவில்லை.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். எண்பதுகளில் வெளிக்கிட்டவள். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் வயல் என் கணவருடைய தகப்பனாருடையது. முரசுமோட்டை இருக்கும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. ஆகவே ஊர் திரும்பினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரொரன்ரோ ஒரு காலத்தில் எப்படிப் புதிதாக இருந்ததோ அப்படித்தான் இதுவும், பாசை மட்டும் தெரியும். இன்னொன்றும் சொல்லவேண்டும். "கனடா அக்கா" என்றால் இங்கே சிரித்துக்கொண்டு கதிரை போடுகிறார்கள். "யாழ்ப்பாணத்து ஆள்" என்று தெரிந்தால் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். காரணம் இல்லாமலும் இல்லை.

ரொரன்ரோவில் என்னைக் கரையேற்றியது ஒரு குவில்ட் சங்கம். தேவாலயத்து நிலக்கீழ் அறையில் மாதம் ஒரு கூட்டம். துணியைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, இணைத்து, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சுப் படை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். தைப்பது பாதி நேரம். மீதி நேரம் சந்தா, கூட்ட அறிக்கை, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எத்தனை போர்வை, தேநீருக்கு யார் கேக் கொண்டுவருவது. கடைசியில் "காட்டிச் சொல்லு" என்று ஒரு நேரம். அந்த மாதம் தைத்ததை ஒவ்வொருவராகத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் ஆவென்று வாய் பிளப்பார்கள். என் இங்கிலிசு நொண்டியடித்த காலத்தில் தூக்கிப் பிடிக்க ஒரு துணி இருந்தது பெரிய ஆறுதல்.

அதே மாதிரி ஒன்றை இங்கேயும் தொடங்கலாமே என்று மாதர் சங்கக் கூட்டத்தில் மெல்லக் கதையை எடுத்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேள்விகள் வந்தன.

"எந்தத் திட்டம் அக்கா?"

"மெசின் குடுப்பினமோ?"

"சைன் வைக்கவேணுமோ? போட்டோ எடுப்பினமோ?"

இந்தப் பெண்கள் 2009 க்குப் பிறகு பார்க்காத பயிற்சி இல்லை. கோழி வளர்ப்பு, காளான், மிளகாய்த்தூள், தையல், பிறகு மறுபடியும் கோழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பனர், ஒரு வரவுப் பதிவேடு, ஒரு பிஸ்கட் பைக்கற். சங்கம் நடத்துவது எப்படி என்று என் ரொரன்ரோக் கிழவிகளுக்கே இவர்கள் வகுப்பு எடுக்கலாம். அதனால் திட்டமும் இல்லை, விற்பனையும் இல்லை, ஒருவரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்று நான் சொன்னதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

"அப்ப சும்மா இருந்து தைச்சுக் கதைக்கிறதோ?" என்று தோட்டக்கார அக்கா ஒருவர் கேட்டார்.

"ஓம், அவ்வளவுதான்."

"ஒண்டும் கிடையாதோ?"

"கிடையாது."

அடுத்த கிழமை அவர் இன்னும் நாலு பேரோடு வந்து இறங்கினார். கையில் ஒரு பை அவித்த கச்சானும் இருந்தது.

துணிக்குப் பஞ்சமில்லை. அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணியைத் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துண்டும், பெடியள் காற்சட்டையின் நீலத் துண்டும் எல்லா வீட்டிலும் கிடக்கின்றன. பழைய சாரம், பிளவுஸ் வெட்டிய மிச்சம், சீத்தைத் துணி, கார்மென்ஸ் வெட்டுத்துண்டு எல்லாம் வந்து குவிந்தன. வெட்டுத்துண்டில் ரீசேட் துணியை மட்டும் ஒதுக்கினோம். அது இழுபடும், சதுரம் சதுரமாகவே நிற்காது. சிவப்பை முதலில் தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்போம். நடுவில் வைக்கும் பஞ்சுப் படைதான் கிடைக்காது. இலவம்பஞ்சு கிடைக்கும், ஆனால் நெருக்கமாகத் தைக்காவிட்டால் கழுவியதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதனால் தேய்ந்த பருத்திச் சாறியை மடித்து உள்ளே வைக்கிறோம். வங்காளத்தில் காந்தா தைப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். இந்த வெக்கைக்கு அந்தப் பாரம் போதும். மார்கழி, தை விடியற்காலைப் பனிக்குப் போர்க்கலாம், மற்ற நேரம் பிள்ளைக்குக் கீழே விரிக்கலாம்.

முதலில் எடுத்தது ஒன்பது சதுரக் கட்டம். மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்பதை மூன்று வரிசையாக இணைக்கவேண்டும். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால் கட்டம் ஒன்பதரை வரும், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்ததும் சரியாக ஒன்பது. கால் அங்குலம் ஒரு நூல் பிசகினாலும் மூலைகள் ஒன்றையொன்று சந்திக்காது. ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெசினில் ஒரு ரேப் (ஒட்டுநாடா) துண்டு ஒட்டி, துணியின் கரையை அதோடு ஓடவிடுங்கள் என்றேன். ஊரில் பாதிப்பேருக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அன்ரிக்கு அது பிடிக்கவே இல்லை. கண்ணளவில் கழுத்து வெட்டுகிற ஆளுக்கு ரேப் ஒட்டிக் காட்டலாமோ? பிய்த்து எறிந்துவிட்டு, கால் மெசினைக் கடகடவென்று மிதித்தார். அன்றைக்கு எல்லா மூலையும் பொருந்தி வந்தது அவருடைய கட்டம் ஒன்றுதான். என்னுடையதைத் தூக்கிப் பார்த்து, "உங்களுக்குக் கட்டமே சரியில்லை அக்கா, சாத்திரியிட்டக் காட்டுங்கோ" என்றார். இன்றைக்கும் அந்தப் பகிடி ஓடுகிறது.

சாறியை வெட்டும்போது யாராவது சிரிக்கத் தொடங்கினால் எனக்கு முதலில் விளங்குவதில்லை. போரின் கடைசி மாதங்களில் பங்கரைச் சுற்றி அடுக்க மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. சாறியை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினார்கள். பட்டென்றும் பார்க்கவில்லை. "என்ர கூறை மாத்தளனில கிடக்கு" என்கிறார் ஒருவர். நைலக்ஸ் நல்லதா பட்டு நல்லதா என்று மற்ற இருவர் தர்க்கப்படுகிறார்கள். எந்தச் சாறியில் மண் கூடப் பிடித்தது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் கொண்டுவரும் துணிகள் பைக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். வெட்டுவோமா என்று நாங்கள் கேட்பதில்லை.

கனடாவிலிருந்து வந்திருந்த என் சினேகிதி இதைக் கேட்டு உருகிப்போனார். 1987 இல் வாசிங்டனில் விரித்த எயிட்ஸ் நினைவுப் போர்வையைப் பற்றிச் சொன்னார். இறந்தவர்களின் பெயர் தைத்த 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் ஆறடிக்கு மூன்றடி, ஒரு புதைகுழியின் அளவு. நீங்களும் அப்படி ஒன்று செய்யலாமே என்றார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். எத்தனை பேர் தைத்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். பிறகு தோட்டக்கார அக்கா, "நல்ல வேலைதான் தங்கச்சி. ஆனா இஞ்ச வேண்டாம். அதுக்கெல்லாம் வேற நாள் இருக்கு, வேற இடம் இருக்கு. இஞ்ச நாங்கள் சிரிக்க வாறம்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. வன்னிப் பெண்ணின் கையில் ஊசியைக் கண்டாலே துயரத்தைத் தைக்கச் சொல்லும் பழக்கம் எங்கள் வெளிநாட்டு ஆட்களுக்கு இருக்கிறது.

அவர்களுக்கு உண்மையில் பிடித்தது அலபாமாவின் ஜீஸ் பெண்ட் போர்வைகள். ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடந்த அந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் வயலுக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்பில் தைத்தவை 2002 இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006 இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. போனில் படங்களைக் காட்டினேன். கோடு வளைந்திருக்கிறது, சதுரம் சரிந்திருக்கிறது. பிளவுஸ் அன்ரி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவையும் ரேப் ஒட்டேல்ல" என்றார்.

எல்லாவற்றிலும் கூடப் பிடித்தது சீட்டு. ரொரன்ரோவில் மாதத்துக்கு ஒரு நிறம் சொல்வார்கள். எல்லோரும் அந்த நிறத்தில் கட்டம் தைத்து வரவேண்டும், பெயர் குலுக்கி விழுந்தவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவார். நான் சொல்லி முடிக்கவில்லை, "இது சீட்டெல்லோ!" என்று மண்டபமே எழும்பியது. உடனேயே சட்டமும் போட்டாயிற்று. ஒருக்கால் எடுத்தவருடைய பெயர் எல்லோரும் எடுத்து முடியும்வரை குலுக்கலில் வராது. எடுத்தவர் அடுத்த மாதம் கட்டம் தராமல் நழுவ முடியாது. அவசரம் உள்ளவர் கேட்டு முன்னுக்கு எடுக்கலாம். ரொரன்ரோவில் இதில் ஒன்றும் இல்லை. அங்கே ஒரே ஆளுக்கு மூன்று தரம் விழுந்து மற்றவர்கள் முகம் கறுத்ததைப் பார்த்திருக்கிறேன். பதினாறு கட்டம் சேர்ந்தால் ஒரு யார் சதுரம், ஒரு குழந்தைக்குப் போதும். அதனால் "அவசரம்" என்றால் இங்கே யாரோ வீட்டில் பிள்ளைப்பேறு என்று அர்த்தம். முதற்சீட்டைத் தன் மருமகளுக்காகக் கேட்டு எடுத்தவர் கடைக்கார அன்ரி. பேத்திக்கு விரித்த அன்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, எது யாருடைய கட்டம் என்று காட்டச் சொல்லிப் பரீட்சை வைத்தார். என்னுடையதை எல்லோரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்கள்.

இப்போது என் பின்னேரங்களுக்கு வேறு பிரச்சினை: ஆட்கள் போவதில்லை. பிளேன்ரீ இரண்டாம் தரமும் போடவேண்டும். காலபோக நெல் வெட்டுக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஒருவரும் வரமாட்டார்கள். இரணைமடுக் குளத்துக் கதவு திறந்து வெள்ளம் வந்தால் மண்டபமே வேறு தேவைக்குப் போய்விடும். மற்ற நேரத்தில் வராமல் நின்றால் ஆள் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது மூன்று வீட்டிலிருந்து ரசமும், பாதி தைத்த என் கட்டத்தைப் பிரித்துச் சரியாகத் தைத்ததும் சேர்ந்தே வந்தன.

வெட்டு முடிய அடுத்த சீட்டு. நிறம் பச்சை என்று முடிவாகிவிட்டது. எந்தப் பச்சை என்பதில்தான் சண்டை: வயல் பச்சை என்று ஒரு கட்சி, கிளிப்பச்சை என்று ஒரு கட்சி. பிளவுஸ் அன்ரி மட்டும் தன்னிடம் கிடக்கிற பச்சை எதுவோ அதைத்தான் தைப்பேன் என்று நிற்கிறார்.