கிதாரை இறக்கி வைத்த பிறகு

லண்டனில் குரல் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கிதாரை மையமாகக் கொண்ட இண்டி ராக் குழுவில் பாடிப் பெயர் பெற்ற ஒருவர், குழுவிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, எலக்ட்ரானிக் நடன இசையில் தனி ஆல்பம் செய்யப் போகிறேன் என்று ஸ்டூடியோவுக்குள் வரும்போது கிடைக்கும் வேலைதான் இத்தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது; மிகுந்த பொறுப்புள்ளதும் அதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கருவிகளின் மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கிதார் போய் சிந்தசைசர் வந்தது, ட்ரம்ஸ் வாசித்தவர் போய் ட்ரம் மெஷின் வந்தது என்று அவர்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது. கன்சோலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ, பாடுபவருக்கும் காலப்பிரமாணத்துக்கும் இடையில் இருந்த பழைய உறவு அறுந்து புதிதாக ஒன்று முளைப்பது கண்ணெதிரே தெரியும். அந்த நேரத்தில் குரலை மாற்றச் சொல்லிப் பாடகரை நெருக்கக்கூடாது என்பதும், குரல் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது ரோமி மேட்லி கிராஃப்ட்டை. தென்மேற்கு லண்டனின் பட்னியில் உள்ள எலியட் பள்ளியில் படித்த நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய 'தி எக்ஸ்எக்ஸ்' குழுவில் அவர் கிதார் வாசித்தார். சிறு வயது முதலே தோழராக இருந்த ஆலிவர் சிம்முடன் சேர்ந்து பாடினார். 2009இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் அடுத்த ஆண்டே, பிரிட்டிஷ், ஐரிஷ் கலைஞர்களின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசைப் பெற்றது. அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு கிதார் சுரத்துக்கும் பின்னால் வெறுமை விட்டிருப்பார்கள், இரண்டு குரல்களும் காதோடு பேசுவது போலவே ஒலிக்கும். கூட்டத்தை எழுப்பி ஆடவைக்கும் இசைக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது என்று அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் ரோமிக்கு நடன இசை புதிய ஊர் இல்லை. பதின்ம வயதிலேயே சோஹோவில் இருந்த 'கெட்டோ' என்ற க்வீர் (பால்புதுமையினர்) கிளப்பில் அவர் இசைத்தட்டுச் சுழற்றியவர். குழுவின் மூன்றாவது ஆல்பம் 2017இல் வெளிவந்த பிறகு, பிறருக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் அவர் இறங்கினார். பாப் பாடகி டூவா லீப்பா பாடிய 'எலக்ட்ரிசிட்டி'யில் எழுதியவர்களின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பணியில்தான் மின்னணு இசைத் தயாரிப்பாளர் ஃப்ரெட் அகெய்னுடன் பழக்கம் ஏற்பட்டது. வேறு யாரோ பாடட்டும் என்று எழுதத் தொடங்கிய பாட்டுகள், எழுதியவரே பாடினால்தான் பொருந்தும் என்கிற நிலைக்கு மெல்ல மெல்ல வந்தன. 2020இல் 'லைஃப்டைம்', 2022இல் 'ஸ்ட்ராங்', 2023 செப்டம்பரில் 'மிட் ஏர்' என்ற முழு ஆல்பம் என அந்தப் பயணம் நிதானமாகவே நடந்தது. ஃப்ரெட் அகெய்னோடு, மடோனாவின் 2005ஆம் ஆண்டு நடன ஆல்பத்தை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிரைஸும் அதில் பணியாற்றினார்.

'ஸ்ட்ராங்' பாட்டைத் தொழில்முறையாகப் பலமுறை பிரித்துக் கேட்டிருக்கிறேன். இளம் வயதிலேயே தாயை இழந்த ரோமி, அதேபோல் தாயை இழந்த தம் உறவினர் ஒருவரை எண்ணி எழுதிய பாட்டு அது. எப்போதும் திடமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று ஒருவருக்கு ஆறுதல் சொல்லும் வரிகளுக்கு, ட்ரான்ஸ் என்ற நடன இசை வகையின் பாணியில் மேலெழும் சிந்தசைசர் அலைகளைத் துணையாக வைத்திருக்கிறார்கள். இசை எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் குரல் எங்கேயும் அதோடு போட்டியிட்டுக் கத்துவதில்லை. எக்ஸ்எக்ஸ் நாள்களில் எந்த அளவில் பாடினாரோ அதே அளவில்தான் இதிலும் பாடுகிறார். துக்கத்தைத் தாங்கும் வேலையைத் தாளமும், கேட்டு ஆடும் கூட்டமும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பாட்டு கிராமி பரிந்துரை வரை போனதில் எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை.

என் மேசைக்கு வந்த வேலை ஒன்றைச் சொன்னால் இதன் தொழில்நுட்பம் விளங்கும். பெயர் சொல்ல இயலாத ஒரு கிதார் குழுவின் பாடகி அவர். தாழ்ந்த, சற்று மூச்சு கலந்த குரல். எழுதிக்கொண்டு வந்த பாட்டுகள் எல்லாம் கிதாரில் பிறந்தவை. அவற்றில் முக்கியமான ஒன்று சி மைனரில், அதாவது சி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சுருதியில், இருந்தது. அந்தச் சுருதியில் அவர் பாடும்போது சரணத்தின் கடைசிச் சொற்கள் கிசுகிசுப்பாகத் தரையிறங்கும். பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. சிக்கல் பேஸ் எனப்படும் அடித்தள ஒலியில் வந்தது. கிளப்பில் நெஞ்சுக்குள் இறங்கும் பேஸ் ஏறத்தாழ 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதிக்குள்தான் நன்றாக வேலை செய்யும். கீழ் சி சுரம் 32.7 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அங்கே தளர்ந்துவிடும். அதற்கு மேல் உள்ள சி 65.4 ஹெர்ட்ஸ், அது காதுக்குக் கேட்கும், ஆனால் உடலை அவ்வளவாகத் தொடாது. எனவே பாட்டை எஃப் சுருதிக்கு ஏற்றிவிடலாம் என்று தயாரிப்பாளர் கருதினார். நடன இசையில் இது வழக்கமான தீர்வு. ஏற்றிப் பாடிப் பார்த்தபோது அந்தக் கிசுகிசுப்பு முழுக்குரலாகிவிட்டது. சொற்கள் அனைத்தும் தெளிவாகக் கேட்டன, பாட்டு மட்டும் காணாமல் போயிருந்தது.

சுருதியைத் தொடாமல் கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களின்) வரிசையை மாற்றிப் பார்க்கலாம் என்று அன்று நான் சொன்ன யோசனை ஏற்கப்பட்டது. பல்லவியின் சுற்று சி மைனரில் தொடங்கிக்கொண்டிருந்ததை ஏ ஃப்ளாட்டில் தொடங்கி எஃப்பில் நிற்குமாறு அமைத்தோம். கீழ் ஏ ஃப்ளாட் 51.9 ஹெர்ட்ஸ், கீழ் எஃப் 43.7 ஹெர்ட்ஸ்; இரண்டுமே கிளப் ஒலிபெருக்கிகளுக்கு இயல்பான இடம். சி வரும் இடத்தில் பேஸ் ஓர் அரை அட்சரம் மட்டும் மேலே தொட்டுவிட்டு விலகியது. மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. இன்னொரு நன்மையும் கிடைத்தது: பாட்டு தன் வீடான சி சுரத்தில் வந்து நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்ற ஆசை அந்தச் சுற்றிலேயே உண்டானது.

அடுத்து காலப்பிரமாணம். ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவர் பாடுபவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். பல்லவிக்கு முன்னால் இம்மியளவு வேகம் கூடும், சரணத்தில் அதே அளவு தளரும். பல ஆண்டுகளாக அப்படி ஒருவர் பின்தொடரப் பாடியவருக்கு, நிமிடத்துக்கு 126 அடி என்று இம்மியும் பிசகாமல் விழும் கிக் (பெரிய ட்ரமின் அடி) ஓசை முதலில் கடுமையான எதிராளியாகத் தோன்றுவது இயல்பு. எங்கள் பாடகி அதைத் துரத்தத் தொடங்கினார். குரலில் இறுக்கம் ஏறியது. ஹெட்ஃபோனில் கிக்கை ஏறக்குறைய முழுவதும் இறக்கிவிட்டு, இரண்டு அடிகளுக்கு நடுவில் விழும் ஹை ஹேட் சிம்பல் ஒலியையும் ஒரு மெல்லிய கார்டையும் மட்டும் விட்டேன். இடைவெளியில் விழும் ஓசையைப் பிடித்துக்கொண்டு பாடியதும் சொற்கள் தாமாகவே தாளத்துக்குச் சற்றுப் பின்னால், சாய்ந்து உட்கார்ந்தன. பிறகு குரலைக் கணினியின் தாளக் கட்டத்துக்குள் நகர்த்தி நேராக்கலாமா என்ற பேச்சு வந்தபோது நான் மறுத்துவிட்டேன். இயந்திரம் அசையாமல் நிற்பதனால்தான் மனிதர் பின்தங்கிப் பாடும் அந்தச் சில பத்து மில்லி விநாடிகள் கேட்பவருக்குச் சுகமாகத் தெரிகின்றன; அதையும் நேராக்கிவிட்டால் பாடகர் எதற்கு?

கிதார் இல்லாமல் பாடுவது அவருக்கு இன்னொரு துன்பமாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு டேக்கிலும் தோள்கள் மேலேறின. தோள் ஏறினால் மூச்சு மார்போடு நின்றுவிடும். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்காமல் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் குரலுக்கே கம்பிகள் அதிர்ந்து ஒலித்து அந்த ரீங்காரம் மைக்கில் விழுந்ததால், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் அவற்றுக்கு அடியில் ஒரு துணியைச் செருகி வைத்தோம். அதன் பிறகு இடது கை தன் பழக்கத்தில் கார்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது, குரல் இறங்கி வந்தது. அந்த ஆல்பத்தில் ஒரு கிதார் சுரம்கூடக் கிடையாது. ஆனாலும் குரல் பதிவான ஒவ்வொரு கணத்திலும் ஒரு கிதார் அங்கே இருந்தது.

மிக்ஸிங்கில் நான் கவனமாக இருந்தது ஒரே விஷயத்தில்தான். நடன இசையில் கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகள் கணநேரம் அமிழ்ந்து எழும்படி கம்ப்ரஸர் என்னும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கட்டிவிடுவார்கள். சைட்செயின் என்று சொல்வது இதைத்தான். சிந்தசைசர்களையெல்லாம் அதற்குள் விட்டோம். குரலை விடவில்லை, குரலின் எதிரொலியை மட்டும் விட்டோம். இதனால் சொற்கள் அசையாமல் காதருகே நின்றன, அவற்றின் நிழல் மட்டும் தாளத்தோடு ஏறி இறங்கியது. தாழ்ந்த குரலின் கதகதப்பு 200 ஹெர்ட்ஸ் அருகில்தான் இருக்கும். சிந்தசைசர் கார்டுகளும் அங்கேயே கூடும். அந்த இடத்தில் வெட்டியது சிந்தசைசரைத்தான். பல்லவிக்கு முன் எல்லாக் கருவிகளும் நின்றுபோகும் இடத்தில் அவர் இழுத்த மூச்சையும் நீக்காமல் விட்டேன்.

சொற்களின் எண்ணிக்கை குறைவதைப் பெரும்பாலான பாடலாசிரியர்கள் இழப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் 16 பார்கள் (பாருக்கு நான்கு அடி) சரியாக 30 விநாடி. டிஜே ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குக் கடக்க முன்னும் பின்னும் அப்படிப்பட்ட வெற்று இடங்கள் தேவை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் மூன்று சரணங்கள் கொள்ளாது. எங்கள் பாடகி இரண்டாம் சரணத்தை விட்டுக்கொடுக்க நெடுநேரம் தயங்கினார். அந்தச் சரணத்தில் அவர் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருந்தது. கடைசியில் அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, அதைப் பாட்டின் இறுதிச் சுற்று முழுவதும் பாடினார். முதல் முறை அது செய்தியாகக் கேட்டது. ஆறாவது முறை மன்றாட்டாகக் கேட்டது. ஒரே வரி அத்தனை தூரம் நகரும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்கள் பதிவு அறையில்தான் கண்டுகொள்கிறார்கள்.

இந்த வழியில் முன்னால் போனவர்கள் பலர். ரேடியோஹெட்டின் தாம் யார்க் 2006இலும், ப்ளாக் பார்ட்டியின் கெலி ஒகெரெகெ 2010இலும் மின்னணு இசையில் தனி ஆல்பங்களைத் தந்தார்கள். ஆனால் மெல்லிய குரல் என்ற வகையில் ட்ரேசி தார்ன்தான் முன்னோடி என்பேன். அவர் பாடும் 'எவ்ரிதிங் பட் தி கேர்ள்' இரட்டையரின் 1994ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருந்த 'மிஸ்ஸிங்' பாட்டுக்கு நியூயார்க் டிஜே டாட் டெர்ரி, ஹவுஸ் என்ற நடன இசை வகையின் தாளம் அமைத்த பிறகுதான் அது 1995இல் பிரிட்டனில் 3ஆம் இடத்துக்கும், பின்னர் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கும் போனது. தேடிக் கிடைக்காத ஏக்கம் அந்தக் குரலில் அப்படியே இருக்க, கீழே தாளம் மட்டும் வேறாக நடக்கும். இருவரும் 1996இல் தங்கள் அடுத்த ஆல்பத்தை முழுக்க மின்னணுத் தாளங்களின்மேல் அமைத்தார்கள்.

எங்கள் பாடகியின் முதல் கிளப் நிகழ்ச்சிக்கு ஒலி அமைப்பில் உதவ நானும் போயிருந்தேன். மேடையின் இருபுறமும் பேஸுக்கான ஒலிபெருக்கிகளான சப்வூஃபர்களை வைத்தால் இரண்டின் பேஸும் கூடி மிகப் பலமாக இருக்கும் கோடு அரங்கின் நட்டநடுவில் ஓடும். பாடகர்கள் நிற்க விரும்புவதும் அங்கேதான். மெல்லப் பாடுபவரின் மைக்கை நிறைய ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தப் பேஸ் மைக்கில் புகுந்து குரலைக் கலங்கடிக்கும். ஆகவே நடுவில் கருவி மேசையை வைத்துவிட்டு, அவரைச் சில அடிகள் இடப்பக்கம் நிறுத்தினோம். குழுவில் பாடிய நாள்களிலும் அவர் இடம் அதுதானாம். நடுவில் ட்ரம்ஸ் இருக்குமாம். அன்று கூட்டத்தில் பாதிப்பேர் அவருடைய பழைய ரசிகர்கள். முதல் பாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அவர்கள், அந்த ஒற்றை வரி சுற்றிச் சுற்றி வந்தபோது சேர்ந்து பாடினார்கள்.

அடுத்த ஆல்பத்துக்கு அவர் எழுதத் தொடங்கியிருக்கிறார். இப்போதும் கிதாரில்தான் எழுதுகிறார். அனுப்பி வைத்த முதல் மூன்று பாட்டுகளில் இரண்டு எஃப்பில் தொடங்குகின்றன.