இடது காலணியின் நான்கு மாதங்கள்

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்று ஸ்கேட்போர்டு ஓட்டப் புதிய காலணி வந்து சேர்ந்தது. எந்த நிறுவனத்தினுடையது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் படிப்பவர்களின் நினைவில் அது ஒன்றே நிற்கும். இது கப்சோல் வகையைச் சேர்ந்தது, மேல்பகுதி ஸ்வேட் தோல் என்பது போதும்.

ஸ்கேட்போர்டு ஓட்டத் தொடங்கிய ஆறு ஆண்டுகளில் நான் வல்கனைஸ் செய்த காலணிகளைத் தவிர வேறெதையும் அணிந்ததில்லை. மேல்பகுதியை மெல்லிய ரப்பர் அடித்தட்டின்மேல் பொருத்தி, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, பின் முழுக் காலணியையும் சூட்டில் வேகவைத்து ரப்பரை இறுக வைக்கும் முறை அது. அடித்தட்டு மெல்லியது என்பதால் பலகை எந்தப் பக்கம் சாய்கிறது, விளிம்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் விரல்களுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். ஆனால் அந்த மெல்லிய தட்டில் குதிகாலைக் காப்பாற்ற எதுவும் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஐந்து படிகளைத் தாண்டி இறங்கும்போது உடல் எடை முழுவதும் வலது குதிகாலின்மேல் விழுந்து, பத்து நாள் அந்தக் காலை ஊன்ற முடியாமல் குளியலறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அதனால்தான் இந்த மாற்றம்.

கப்சோலில் அடிப்பகுதி கிண்ணம்போல் தனியாக வார்க்கப்பட்டிருக்கும். மேல்பகுதியை அதற்குள் இறக்கி, ஒட்டி, ஓரத்தைச் சுற்றித் தைத்திருப்பார்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: புதியது ஒன்று 432 கிராம், பழையது 365 கிராம். உள்ளே பாதம் பதியும் மெத்தையான இன்சோலின் தடிமன் குதிகாலுக்குக் கீழே 9 மில்லிமீட்டர்.

ஜனவரி 7, செவ்வாய்

அலுவலகம் முடிந்து, வழக்கமான அடித்தள வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். உடல் சூடான பிறகு, குதித்துப் பலகையைக் காற்றில் ஒரு முழுச் சுற்று புரட்டும் கிக்ஃபிளிப்பை இருபது முறை முயன்று, எத்தனை முறை பலகை கால்களுக்குக் கீழே வந்து நிற்கிறது என்று எண்ணுவது என் பழக்கம். பழைய காலணியில் பதினொன்று, பன்னிரண்டு வரும். இன்று நான்கு.

காரணம் தெளிவாகவே தெரிந்தது. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் தட்டியவுடன், முன்கால் பக்கவாட்டில் சாய்ந்து பலகையின்மேல் உரசிக்கொண்டே மூக்குப் பகுதியை நோக்கி ஏற வேண்டும். பலகை மேலே எழும்புவதும் சமநிலைக்கு வருவதும் அந்த உரசலால்தான். கிக்ஃபிளிப்பில் அதே உரசலின் முடிவில் சுண்டுவிரல் பக்கம் பலகையின் ஓரத்தைச் சுண்டிவிட்டு வெளியேறுகிறது. அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்று இன்று என் காலுக்குத் தெரியவே இல்லை. மெத்தையைப் போர்த்திய மேசையின் விளிம்பைத் தேடுவதுபோல் இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். கடற்கரைப் பக்கமே போக முடியாது. காலணியை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். விரல்கள் மடங்கும் இடத்தில் இன்னும் அட்டையைப் போல் விறைப்பாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

இருபதுக்கு ஏழு. விறைப்பு தளர்ந்து வருகிறது. குறிப்பாக இடது காலணி. நான் இடதுகாலை முன்வைத்து ஓட்டுபவன் என்பதால், வளைவதும் உரசுவதும் அந்த ஒரு காலணிதான். வலது காலணியின் மேல்பகுதி இன்னும் கடையில் இருந்ததைப் போலவே இருக்கிறது. ஆனால் தரையை உதைத்துத் தள்ளுவது அந்தக் காலால் என்பதால் அதன் அடித்தட்டில், பெருவிரலுக்குப் பின்னால், வரிகள் மங்கத் தொடங்கிவிட்டன.

இரண்டு காலணிகளும் ஒரே சீராகத் தேயாது என்பது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1966இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் தொடங்கப்பட்ட வான்ஸ் நிறுவனம் முதலில் ஸ்கேட்போர்டுக்கென்று காலணி செய்யவில்லை. அதன் தடித்த ரப்பர் அடித்தட்டு பலகையில் நன்றாக ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் ஓட்டியவர்களே. எழுபதுகளில் அவர்களில் சிலர் தேய்ந்த காலுக்கு மட்டும் ஒற்றைக் காலணி வாங்கிக்கொண்டு போவார்களாம். அந்த வசதி இன்று இருந்தால் என் வீட்டு அலமாரியில் நான்கு வலது காலணிகள் துணையில்லாமல் கிடக்காது. அம்மா அவற்றைத் தூக்கிப் போடச் சொல்லி இரண்டு வருடமாகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்தக் காலணியை வாங்கிய காரணத்தை இன்றுதான் சோதித்தேன். அதே ஐந்து படிகள். முதல் மூன்று முறையும் பலகையை நடுவிலேயே விட்டுவிட்டு பலகையில்லாமல் குதித்து இறங்கினேன். அதுவே குதிகாலுக்குப் பெரிய அடி. வலிக்கவில்லை. நான்காவது முறை பலகையோடு இறங்கி, எடை சற்றுப் பின்னுக்குப் போய், மீண்டும் குதிகாலின்மேலேயே விழுந்தேன். டிசம்பரில் நடந்தது அப்படியே மறுபடி நடந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இனி ஐயம் இல்லை. படிக்கட்டு, உயரமான மேடை என்று இறங்கிக் குதிப்பவர்கள் மெல்லிய அடித்தட்டை நம்பிக்கொண்டிருப்பது வீண் பிடிவாதம். நானும் ஆறு ஆண்டுகள் அந்தப் பிடிவாதத்தில் இருந்தவன்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு திருமணத்துக்காக ஆம்பூர் போயிருந்தேன். மாமா முறையாகும் ஒருவர் அங்கே தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் காலணியைக் கழற்றி வாங்கி, கட்டைவிரலால் மேல்பகுதியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது ஸ்பிளிட். கிரெயின் இல்லை" என்றார்.

தடித்த மாட்டுத்தோலைக் குறுக்காக இரண்டு அடுக்காகப் பிளப்பார்களாம். முடி இருந்த பக்கம் கிரெயின். வழவழப்பான காலணிக்கும் பைக்கும் போவது அது. கீழடுக்குதான் ஸ்பிளிட், அதைத் தேய்த்துப் பூனைமுடி எழுப்பினால் ஸ்வேட். "அப்படியானால் இது மட்டமான தோலா?" என்று கேட்டேன். மேலடுக்கின் நெருக்கமான இழை கீழடுக்கில் இல்லை என்பதால் இழுத்தால் சீக்கிரம் தளரும், ஆனால் உரசலுக்கு அது வேறுவிதமாக ஈடுகொடுக்கும் என்றார். கிரெயின் தோலில் மேற்பூச்சு கிழிந்தால் அந்த இடம் அசிங்கமாகிவிடும். ஸ்வேட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே இழை என்பதால் தேயத் தேய அடுத்த இழை வெளியே வந்துகொண்டிருக்கும். பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் கிரிப் டேப் என்பது சிலிக்கன் கார்பைடு துகள் ஒட்டிய உப்புத்தாள்தான் என்று விளக்கி, கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்து முடித்தவர், "உப்புத்தாளில் காலைத் தேய்ப்பதற்கு இவ்வளவு பணமா?" என்றார். கிளம்பும்போது, வீட்டில் கிடந்த ஸ்வேட் வெட்டுத் துண்டுகள் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, கோவளம் ஸ்கேட் பார்க். அங்கே கிண்ணம்போல் குழிந்த ஓடுதளத்தின் அடியில் காற்று கொண்டுவந்து சேர்த்த மணலைப் பெருக்கிய பிறகுதான் ஓட்ட முடிந்தது. வளைந்த சுவர்களில் ஏறி இறங்கும்போது கால் பலகையை விட்டுப் பிரிவதே இல்லை என்பதால் கப்சோலின் கனம் அங்கே குறையாகத் தெரியவில்லை. விறைப்பான ஓரங்கள் பாதத்தை இருபுறமும் பிடித்துக்கொள்வது நன்றாகவே இருந்தது. சமதளத்தில் இருபதுக்கு ஒன்பது.

வெயில் ஏறியதும் வியர்வை. குளிர்நாட்டார் எழுதும் காலணி மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. மொத்தமான நாக்கும் கழுத்துப் பட்டையில் திணித்த பஞ்சும் நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடுவதில்லை. இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே வைத்தும் மறுநாள் காலை உள்ளே ஈரம். காய்ந்த பிறகு ஸ்வேட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடுகள். அந்த இடத்தில் தோல் அப்பளம்போல் விறைத்துவிடுகிறது. பழைய பல் தூரிகையால் தேய்த்தால் ஓரளவு மென்மை திரும்புகிறது.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு தவறைப் பதிவு செய்கிறேன். போன வாரம் கிரிப் டேப்பைப் புதிதாக மாற்றினேன். அதன்பின் மூன்றே நாளில் இடது காலணியின் சுண்டுவிரல் பக்கம், இரண்டு மாதத்தில் தேய்ந்ததைவிட அதிகமாகத் தேய்ந்து, இரண்டாம் துளையில் லேஸும் அறுந்துவிட்டது. "தோல் மட்டம்" என்று நேற்று இரவு எழுதி வைத்திருந்ததை இன்று அடித்துவிட்டேன். புதிய டேப்பின் துகள்கள் கூர்மையானவை. ஓட்ட ஓட்ட முனை மழுங்கி, இடுக்குகளில் தூசியும் ரப்பரும் அடைந்த பிறகுதான் கடுமை குறையும். எத்தனை வாரம் உழைத்தது என்று காலணியைப் பற்றிச் சொல்கிறவர்கள், அந்த வாரங்களில் எத்தனை முறை டேப் மாற்றினார்கள் என்பதையும் சொன்னால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

லேஸை அந்தத் துளையை விட்டுவிட்டு அடுத்ததில் கோத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எதிர்பார்த்த இடத்தில் ஓட்டை விழுந்தது. நல்ல வேளையாக அடியில் மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள்; அதனால் காலுறை இன்னும் வெளியே தெரியவில்லை. தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு அழுத்திச் சுத்தியலால் தட்டி ஒட்டினார். கைக்குக் கிடைத்த உடனடிப் பசையை ஊற்றுகிறவர்கள் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பசை கண்ணாடிபோல் இறுகி, கால் மடங்கும் முதல் நாளிலேயே விரிசல் விட்டுவிடும்.

ஒட்டியது பிரமாதம், ஓட்டியதுதான் பயனில்லை. டியூப் ரப்பர் கிரிப் டேப்பில் வழுக்குவதே இல்லை. கால் பாதி வழியில் சிக்கிக்கொண்டு பலகை நெட்டுக்குத்தலாக நிற்கிறது. இருபதுக்கு மூன்று.

மார்ச் 13, வியாழன்

பெரியவரிடம் மறுபடி போய், ஆம்பூர்ப் பொட்டலத்தில் இருந்து ஒரு துண்டைக் கொடுத்தேன். "இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே, தம்பி" என்றார். டியூபைப் பிய்த்துவிட்டு, ஸ்வேட்டை ஒட்டி, ஓரத்தை மெழுகு நூலால் தைத்தும் கொடுத்தார். இருபதுக்குப் பத்து. உரசல் அதிகமாக இருந்தாலும் கெடுதல், குறைவாக இருந்தாலும் கெடுதல்.

மார்ச் 30, ஞாயிறு

இருபதுக்குப் பதினான்கு. பழைய மெல்லிய காலணியில்கூட இத்தனை வந்ததில்லை. அடித்தட்டு முழுவதும் வளைகிறது, விளிம்பு விரலுக்குத் தெரிகிறது, ஆனாலும் படிகளில் இறங்கினால் குதிகால் தாங்குகிறது.

மகிழ்ச்சியில் இன்சோலை வெளியே எடுத்து அளந்தேன். 9 மில்லிமீட்டராக இருந்தது 6 ஆகிவிட்டது. அது ஈவிஏ என்னும் நெகிழி நுரை, அதன் உள்ளிருக்கும் காற்றறைகள் அடிபட்டு நசுங்கினால் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே பலகையை நான் இன்று இவ்வளவு துல்லியமாக உணர்வதற்கு, குதிகாலின் காப்பு மூன்று மில்லிமீட்டர் குறைந்துபோனதும் ஒரு காரணம். முதல் மாதம் காப்பு இருந்தது, உணர்வு இல்லை. இப்படியே போனால் அடுத்த மாதம் உணர்வு இருக்கும், காப்பு இருக்காது. இரண்டும் சேர்ந்திருக்கும் மூன்று, நான்கு வாரங்களுக்காகத்தான் இந்த விலையைக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இடது காலணி முடிந்தது. ஒட்டுத் துண்டும் தேய்ந்து, ரப்பர்த் தகடும் தேய்ந்து, இன்று சுண்டுவிரலின் தோலைக் கிரிப் டேப் நேரடியாக உரசி இரத்தம் வந்தது. ஓரத் தையலும் நான்கு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. பதினைந்து வாரம்; வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். என் பழைய வல்கனைஸ் காலணிகள் எட்டு, ஒன்பது வாரத்துக்கு மேல் வந்ததில்லை. வலது காலணிக்குப் புது இன்சோல் போட்டால் இன்னும் பல மாதம் ஓடும். அலமாரியில் ஐந்தாவது.

மே 4, ஞாயிறு

இன்று அக்கினி நட்சத்திரம் தொடக்கம். ஏழரை மணிக்கே கோவளத்தில் சிமெண்டைத் தொட முடியவில்லை. வலதுகாலை முன்வைத்து ஓட்டும் பையன் ஒருவன் அங்கே வழக்கமாக வருவான். பேச்சுவாக்கில் என் அலமாரியைப் பற்றிச் சொன்னேன். "அண்ணா, என்கிட்ட மூணு இடது கால் கிடக்குது. உங்க சைஸ் என்ன?" என்றான். இருவருக்கும் எட்டு. இத்தனை நாள் இந்த யோசனை இருவருக்குமே தோன்றாமல் போனதை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

அவன் வீடு அருகில்தான். ஓடிப்போய், மெல்லிய அடித்தட்டுள்ள ஓர் இடது காலணியைக் கொண்டுவந்தான். பதிலுக்கு என் பழைய வலது காலணிகளில் இரண்டை அடுத்த வாரம் அவனுக்குக் கொண்டுவருவதாக ஒப்பந்தம். ஆக இன்று என் இடதுகாலில் வல்கனைஸ், வலதுகாலில் புது இன்சோல் போட்ட கப்சோல். சுண்டும் காலுக்கு உணர்வும், டிசம்பரில் அடிபட்ட காலுக்குக் காப்புமாக, நான்கு மாதமாக ஒரே காலணியில் தேடியது இரண்டாகப் பிரிந்து கிடைத்திருக்கிறது. இருபதுக்குப் பதின்மூன்று. பலகையின்மேல் நிற்கும்போது உயர வித்தியாசம் தெரியவே இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போதுதான் லேசாக நொண்டுகிறேன்.