பிரிண்ட் சர்வர்: பாதிப் பிரச்சினை போர்ட்டில்தான்

ஐந்தாறு கணினி, ஒரு பிரிண்டர் என்றால் தனி பிரிண்ட் சர்வர் (எல்லோருடைய அச்சு வேலைகளையும் வாங்கி பிரிண்டர்களுக்கு அனுப்பும் கணினி) வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும். முப்பது பேர், நான்கு பிரிண்டர் என்று ஆகும்போதுதான் தலைவலி. ஒரு பிரிண்டரை மாற்றினால் முப்பது இடத்தில் டிரைவர் மாற்ற வேண்டும், யார் அனுப்பியது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றும் தெரியாது.

பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. சாதாரண விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் சர்வர் ஓடினால் போதும். டொமைன் கன்ட்ரோலரில் (அலுவலகப் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரில்) மட்டும் வைக்காதீர்கள். 2021-இல் வெளிவந்த பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் சர்வீஸில்தான் இருந்தது. கன்ட்ரோலரில் அந்த சர்வீஸை நிறுத்தியே வைக்க வேண்டும்.

பிரிண்டரைச் சேர்க்கும்போது விண்டோஸ் தானாகத் தேடிப் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி போர்ட் (நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தானே கண்டுபிடிக்கும் இணைப்பு வழி). வீட்டுக்கு அது பரவாயில்லை, சர்வருக்கு ஆகாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் திடீரென்று ஆஃப்லைன் ஆகிவிடும். முதலில், ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி-யில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். பிறகு ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டைக் கையால் உருவாக்குங்கள்: புரோட்டோகால் ரா, போர்ட் எண் 9100. ரிசர்வ் செய்யாமல் விட்டால், ஐபி மாறிய அன்று கணக்குப் பிரிவின் சம்பளப் பட்டியல் வேறு பிரிண்டரில் போய் விழவும் வாய்ப்புண்டு.

அதே போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். சர்வர் அதன் வழியாக "பப்ளிக்" என்ற கம்யூனிட்டி பெயரில் (பாஸ்வேர்டு மாதிரி) பிரிண்டரின் நிலையைக் கேட்கும். பாதுகாப்புக்காக பிரிண்டரில் அந்தப் பெயரை மாற்றியிருந்தால் பதில் வராது. பிங் அடித்தால் ஒழுங்காக வரும், ஆனால் விண்டோஸ் ஆஃப்லைன் என்றே சாதிக்கும். பெயரை இரண்டு பக்கமும் ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அச்சு வரிசை அப்படியே நின்றுவிட்டால், பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்ஹெச்டி என்று இரண்டு ஃபைல் இருக்கும். எல்லாவற்றையும் அழித்தால் மற்றவர்கள் அனுப்பியதும் போய்விடும்; நேரத்தைப் பார்த்து, மாட்டிய வேலையின் ஜோடியை மட்டும் அழித்துவிட்டு சர்வீஸைத் தொடங்குங்கள். சில எம்பி பிடிஎஃப்கூட ஸ்பூலில் நூற்றுக்கணக்கான எம்பியாக உப்பும். சி டிரைவ் நிறைந்தால் அச்சு மொத்தமும் நின்றுவிடும் என்பதால், பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேபுக்குப் போய் ஸ்பூல் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஒரே ஒரு மோசமான டிரைவர் ஸ்பூலரையே கவிழ்த்துவிடும். சந்தேகப்படும் டிரைவருக்கு சர்வரின் பிரிண்ட் மேனேஜ்மென்ட் கருவியில் டிரைவர் ஐசொலேஷனை "ஐசொலேட்டட்" என்று வையுங்கள். கவிழ்ந்தாலும் அது மட்டும்தான் கவிழும். 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர் நிறுவ அட்மின் உரிமை வேண்டும். பிரிண்டரை குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பை அனுப்பும் வசதியில்) கொடுக்கும் முன்பே டிரைவரைக் கணினிகளில் ஏற்றிவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு குறையும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பிரிண்ட் மேனேஜ்மென்டிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். வரிசை, போர்ட், டிரைவர் மூன்றும் ஒரே ஃபைலில் வந்துவிடும். அதை அந்த சர்வரிலேயே வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.