பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் குடும்பத்தோடு தூரப் பயணம் என்றால் பின் சீட்டின் நடு இடம் எனக்கென்றே எழுதிவைத்தது. ஒரு பக்கம் அண்ணன் மகள், மறுபக்கம் அவள் தம்பி. முன்னால் அண்ணன் ஓட்டுவார், பக்கத்தில் அண்ணி. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் எல்லைக் காவல் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

"போனைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கொள்கை கிள்கை எதுவும் இல்லை. ஓடும் வண்டியில் திரையைப் பார்த்தால் சின்னவன் வாந்தி எடுப்பான், அவ்வளவுதான். கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது, உள்காது 'இல்லை, போய்க்கொண்டிருக்கிறோம்' என்கிறது, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. வெளியே தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆகவே எங்கள் விளையாட்டெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நடக்கும், இல்லையென்றால் வாயால் நடக்கும். புத்தகம், பென்சில் எதுவும் கிடையாது. பென்சில் எப்படியும் சீட்டுக்கு அடியில்தான் போகும்.

எங்கள் வண்டியில் முதல் மரியாதை விகடகவிக்கு. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரில் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒரே எண் வந்தால் அது விகடகவி. 17371, 17471, 17571 என்று பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு ஒன்று வரும். நடு எண் 9-ஐத் தாண்டும்போது மட்டும் 110 ஆகிவிடும்: 17971-க்கு அடுத்தது 18081. அடுத்தது எப்போது வரும் என்று முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி. அந்த எண் வரும் நேரத்தில் வண்டி எந்த இடத்தில் இருக்கும் என்று ஊகிப்பவருக்கு இரண்டு புள்ளி: பாலம், வளைவு, பெட்ரோல் பங்க், ஒன்றுமில்லாத வெட்டவெளி. அண்ணிதான் அறிவிப்பாளர். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு யாரும் பேசமாட்டோம்.

இதில் உச்சம் 19991. அதுவரை நூறு நூறாக நகர்ந்த எண் அங்கே மட்டும் 11 கிலோமீட்டரில் அடுத்த விகடகவிக்குத் தாவும், 20002. பத்து நிமிடத்துக்குள் இரண்டு! அதை நாங்கள் பயணத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக அண்ணன் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் பஸ்ஸில் போனார். அவர் இப்படிப்பட்டவர் என்று எனக்கே அதுவரை தெரியாது.

அடுத்தது பத்தாக்கும் ஆட்டம். முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எது வேண்டுமானாலும் செய்யலாம், வரிசையை மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். விடை 10 வர வேண்டும். 9999 பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் எளிது: ஒன்பதொன்பது 81, அதோடு 9 சேர்த்தால் 90, 9-ஆல் வகுத்தால் 10. இலக்கங்கள் நான்கும் வெவ்வேறாக இருந்து பூஜ்யமும் இல்லையென்றால் கட்டாயம் 10 வரும். அதனால் 'இது வராது அத்தை' என்று நழுவ முடியாது.

வரும் என்று தெரிந்தும் வராமல் படுத்துவதும் உண்டு. 3, 4, 7, 8 எங்களைப் பல கிலோமீட்டர் வாட்டியது. அந்த வண்டி எப்போதோ போய்விட்டது, நாங்கள் விடவில்லை. கடைசியில் பெரியவள்தான் பிடித்தாள்: 7-ஐ 4-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால். 3-இல் அதைக் கழித்தால் ஒன்றேகால். அதை 8-ஆல் பெருக்கினால் 10. பின்னம் என்றாலே முகத்தைச் சுளிக்கிற பெண் அவள். ஓட்டுகிறவர் கணக்குப் போடக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அண்ணன் சரி என்றுதான் சொல்வார், ஆனால் கொஞ்ச நேரத்தில் உதடு முணுமுணுக்கும், உடனே தொடையில் ஓர் அடி விழும்.

கிலோமீட்டர் கல் வரிசையாக நட்டிருக்கும் சாலை என்றால் வேகம் அளக்கலாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதால் வகுக்க வேண்டும். 45 விநாடி என்றால் 80, 40 என்றால் 90. மீட்டர் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். பல நாடுகளில் விதியே அப்படித்தான்: உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, ஓரளவு கூட்டிக் காட்டலாம். இது தெரிந்ததும் சின்னவனுக்கு அப்பா மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது.

இருட்டிவிட்டால் இருபது கேள்வி. ஒருவர் மனதில் ஒன்றை நினைக்க, மற்றவர்கள் 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வரும்படி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் மிச்சத்தைச் சரிபாதியாக வெட்டினால் இருபதே கேள்வியில் 10,48,576 பொருள்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். பெரியவள் அப்படித்தான் வெட்டி வெட்டிப் போவாள். சின்னவன் முதல் கேள்வியிலேயே "யானையா?" என்பான். அவள் அடிக்கடி யானையை நினைப்பதால் அவன் ஜெயிப்பதும் உண்டு.

ஆளுக்கொரு வாக்கியமாகக் கதை சொல்வது எனக்குப் பிடிக்கும், ஆனால் எங்கள் வண்டியில் செல்லாது. மூன்றாவது வாக்கியத்தில் சின்னவன் எல்லாக் கதாபாத்திரத்தையும் டைனோசருக்குப் போட்டுவிடுவான். பாட்டுக்குப் பாட்டு பெரியவர்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு விளையாடுகிற ஆட்டம். அதைப் பற்றி அவ்வளவு போதும்.

ஹீலியம் பலூன் ஒன்று கிடைத்தால் ஜன்னல்களை மூடி, நூலைக் குட்டையாகப் பிடித்துப் பின் சீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடும்போது நாம் எல்லோரும் முன்னால் சாய்வோம், பலூன் மட்டும் பின்னால் போகும். வண்டிக்குள் இருக்கும் கனமான காற்றும் நம்மைப் போலவே முன்னால் நெருக்குகிறது, லேசான ஹீலியம் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. காரணம் கேட்டுப் பெரியவள் குடைந்தாள். சின்னவன் "இன்னொரு தடவை பிரேக் போடுங்கப்பா" என்பதோடு சரி.

இப்போதைக்கு எங்கள் வழக்கு 1111. முறைப்படி அதில் 10 வராது. ஆனால் இரண்டு ஒன்றை ஒட்டவைத்து 11 ஆக்கி, மிச்சமிருக்கும் இரண்டையும் பெருக்கிக் கழித்தால் 10 வருகிறதே என்கிறான் சின்னவன். ஒட்டவைப்பது ஏமாற்று என்கிறாள் அக்கா. அண்ணன் அவன் கட்சி, அண்ணி இவள் கட்சி. தீர்ப்பு என்னிடம் வந்திருக்கிறது, நான் தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருக்கிறேன்.